மருந்தும் விருந்தும்

தோட்டத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் கப்பலையும் கங்காணியையும் கூலிக் கணக்கையும் எழுதுவர். மருந்துப் புட்டியை எழுதுவோர் சிலரே. ஆயினும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் மருந்தின் துணையால் நிலைபெற்றவை. காடழித்த மண்ணில் கொசு பெருகியது. கொசுவோடு குளிர்காய்ச்சல் பெருகியது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்ற ஆணும் பெண்ணும் வெட்டுக்கத்தியோடு கொயினாவையும் அறிந்திருந்தனர். அதன் கசப்பை மட்டுமன்று, அதை உண்டபின் காதில் எழும் இரைச்சலையும் தலைச்சுற்றலையும் அவர்கள் அறிந்திருந்தனர். 1930களில் அட்டெப்ரின் என்னும் மாத்திரை வந்தது. அது காய்ச்சலைத் தணித்தது. உண்டவரின் தோலையோ மஞ்சளாக்கியது. நோயைத் தீர்க்கும் கையே வேறொரு துன்பத்தையும் தரும் என்னும் பாடம் தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று.

நெகிரி செம்பிலானில் நீலாய், லாபு, பாத்தாங் பெனார், மந்தின் ஆகிய ஊர்களைச் சுற்றியிருந்த தோட்டங்களும் இந்த வாழ்வின் பகுதிகளே. காயத்துக்கும் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் தோட்டத்து டிரசரின் அலமாரியில் ஏதேனும் ஒரு மருந்து இருந்தது. ஆனால் உண்ண மனமின்றி, உறங்கவும் இயலாமல், பேச்சொழிந்து, வேலைக்குப் போகாமல் லயத்து வீட்டின் மூலையில் அமர்ந்துவிட்டவனுக்கு அங்கே மருந்தில்லை. அவனைச் சோம்பேறி என்றனர், செய்வினை என்றனர், காத்துக்கருப்பு என்றனர். நிலை முற்றினால் ஒரே வழிதான் இருந்தது. 1911இல் பேராக் மாநிலத்தின் தஞ்சோங் ரம்புத்தானில் மனநோயாளர்க்கெனப் பெரிய மருத்துவமனையொன்று திறக்கப்பட்டிருந்தது. நீலாய் நிலையத்தைக் கடந்து செல்லும் அதே இருப்புப்பாதை வடக்கே நீண்டு தஞ்சோங் ரம்புத்தானையும் தொடுகிறது. நாளடைவில் அவ்வூரின் பெயரே மக்கள் வாயில் ஏச்சுச் சொல்லாயிற்று. பின்னாளில் அம்மருத்துவமனைக்கு மகிழ்ச்சி என்று பொருள்படும் 'பஹாகியா' என்னும் பெயரைச் சூட்டியும் பழைய சொல்லின் வடு மறையவில்லை.

மனச்சோர்வுக்கும் மாத்திரை உண்டு என்னும் செய்தி உலகுக்குத் தெரிந்தது 1950களில்தான். அந்த மாத்திரைகள் பிறந்த கதையும், அவை விளைத்த தீங்குகள் வெளிப்பட்ட கதையும், தோட்ட மக்கள் நன்கறிந்த மற்றொரு நோயிலிருந்து தொடங்குகின்றன. அந்நோய் காசநோய்.

காசநோய் விடுதியில் எழுந்த களிப்பு

நெருக்கமான குடியிருப்பும் குறைந்த உணவும் உள்ள இடங்களில் எலும்புருக்கி நோய் குடிகொள்ளும். மலாயாவில் அது பெருங்கொல்லியாக இருந்தது. 1950களில் கோலாலம்பூரின் செராசில் காசநோயாளர்க்கென லேடி டெம்பளர் மருத்துவமனை எழுந்ததும், 1961இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றதும் அந்நோயின் கொடுமைக்குச் சான்றுகளாம்.

இந்நோய்க்கு எதிரான போரில் பெருந்திருப்பம் 1952இல் நேர்ந்தது. ஐசோனியாசிட் என்னும் பொருள் 1912இலேயே பிராக் நகரில் ஆக்கப்பட்டிருந்தும், அதன் மருத்துவ ஆற்றலை நாற்பதாண்டுகள் எவரும் அறிந்திலர். அமெரிக்காவின் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீ வியூ மருத்துவமனையில் ஐசோனியாசிட்டும் அதன் உறவான ஐப்ரோனியாசிட்டும் காசநோயாளர்க்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டன. இருமி இருமிப் படுக்கையோடு படுக்கையாய்க் கிடந்தோர் எழுந்தனர். உணவை விரும்பிக் கேட்டனர். விடுதிக் கூடத்தில் ஆடியும் பாடியும் மகிழ்ந்தனர். நோயாளிகள் களித்திருக்கும் காட்சியைச் செய்தித்தாள்கள் படமாக வெளியிட்டன. நோய் தணிந்ததால் மகிழ்கின்றனர் என்றே பலர் எண்ணினர். ஆனால் ஐப்ரோனியாசிட் உண்டோரிடம் களிப்பு மிகையாக இருந்தது. நுரையீரலுக்கென வந்த மருந்து மனத்தையும் தொட்டிருந்தது. மனச்சோர்வு மருந்தின் வரலாறே ஒரு பக்கவிளைவிலிருந்து தொடங்கியது எனலாம்.

இதன் காரணம் உடலின் உள்ளே இருந்தது. மோனோ அமைன் ஆக்சிடேஸ் என்னும் நொதி, மூளையில் செய்தி சுமக்கும் செரட்டோனின், நாரட்ரினலின் முதலிய பொருள்களைச் சிதைத்து ஒழிப்பது. 1952இல் எர்ன்ஸ்ட் செல்லர் என்னும் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் ஐப்ரோனியாசிட் இந்நொதியைத் தடுத்து நிறுத்துவதைக் கண்டனர். சிதைப்பவன் முடங்கினால் செய்திப் பொருள்கள் மிகும். மிகுந்தால் சோர்வு குறையும் என்பது அன்று பிறந்த கருத்து.

சர்ப்பகந்தி தந்த தடயம்

இக்கருத்துக்கு வலுவூட்டியது இந்திய மண்ணில் விளையும் மூலிகையொன்று. சர்ப்பகந்தி வேரை நம் நாட்டு வைத்தியர் நெடுங்காலமாகப் பாம்புக்கடிக்கும் பித்துக்கும் பயன்படுத்தி வந்தனர். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர் அவ்வேர் மனநோயையும் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதை எழுதி வெளியிட்டனர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்த அழுத்த நோயாளரிடம் அவ்வேரின் பயனைப் பிரித்தானிய இதழொன்றில் விளக்கினார். 1952இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் அதன் சாரமான ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது.

ரெசர்ப்பின் உண்ட இரத்த அழுத்த நோயாளருள் சிலர் காரணமின்றி மனம் சோர்ந்தனர் என்னும் செய்தி 1950களில் வந்தது. அம்மருந்து மூளையில் செரட்டோனினைக் குறைப்பதும் 1955இல் புலனாயிற்று. ஒரு மருந்து குறைக்கிறது, மனம் சோர்கிறது. மற்றொரு மருந்து கூட்டுகிறது, மனம் களிக்கிறது. இரண்டு பக்கவிளைவுகளைத் தராசின் இரு தட்டுகளில் வைத்து அறிஞர்கள் ஒரு கொள்கையை நிறுத்துப் பார்த்தனர். மனச்சோர்வின் காரணம் அத்துணை எளிதன்று என்பதும், ரெசர்ப்பினின் மீது சுமத்தப்பட்ட பழியே ஐயத்துக்குரியது என்பதும் பின்வந்த ஆய்வுகள் காட்டிய உண்மைகள். ஆயினும் அன்றைய மருந்தாக்கத்துக்கு வழிகாட்டியது அந்தத் தராசே.

1957இல் அமெரிக்க மனநல மருத்துவர் நேதன் கிளைனும் அவர் குழுவினரும் ஐப்ரோனியாசிட் மனச்சோர்வைத் தீர்ப்பதை அறிவித்தனர். காசநோய் மருந்தாக அது ஏற்கெனவே கடைகளில் இருந்தமையால், மிகக் குறுகிய காலத்தில் மனச்சோர்வுற்ற எண்ணற்றோர் கைக்குச் சென்றது. அதே வேகத்தில் தீங்கும் வெளிப்பட்டது. உண்டவருள் சிலர்க்கு மஞ்சட்காமாலை கண்டது. கல்லீரல் கெட்டுச் சிலர் மாண்டனர். 1961இல் அமெரிக்காவில் ஐப்ரோனியாசிட் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குள் அதே வகையைச் சேர்ந்த பினெல்சின், டிரானில்சைப்ரோமின் முதலிய மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்திருந்தன.

உணவே நஞ்சானது எவ்வாறு?

புதிய மருந்துகளை உண்டோருள் சிலர்க்குத் திடீரெனப் பிடரியில் இடிபோன்ற தலைவலி எழுந்தது. இரத்த அழுத்தம் விண்ணைத் தொட்டது. சிலர்க்கு மூளையில் குருதி கசிந்து உயிரே பிரிந்தது. காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. அப்போது இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த பாரி பிளாக்வெல் என்னும் இளம் மருத்துவர் இதைப்பற்றி எழுதினார். அதைப் படித்த நாட்டிங்காம் நகர மருந்தாளர் ஒருவர் அவருக்குக் கடிதம் வரைந்தார். அவர் மனைவி டிரானில்சைப்ரோமின் உண்பவர். பாலாடைக்கட்டி உண்ட இருமுறையும் அவருக்குக் கடுந்தலைவலி வந்தது. பாலும் வெண்ணெயும் உண்டபோது எதுவும் நேரவில்லை. இதில் ஏதேனும் தொடர்பு இருக்குமோ என்பதே அக்கணவரின் வினா.

பாலாடைக்கட்டி தின்றால் மண்டை வெடிக்குமா என்று நகைத்தவரும் உண்டு. பிளாக்வெல் நகைப்பைப் பொருட்படுத்தாமல் தேடினார். நோயாளர் ஒவ்வொருவரும் தலைவலிக்கு முன் என்ன உண்டார் என்று கேட்டறிந்தார். 1963இல் அவர் முடிவு 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. முதிர்ந்த பாலாடைக்கட்டியில் டைரமின் என்னும் பொருள் மிகுதி. வழக்கமாகக் குடலிலும் கல்லீரலிலும் உள்ள அந்த நொதி டைரமினைச் சிதைத்துவிடும். மருந்து நொதியை முடக்கிவிட்டால் டைரமின் காவலின்றிக் குருதியில் கலக்கும். நரம்பு முனைகளில் சேமித்துள்ள நாரட்ரினலினை ஒருங்கே வெளித்தள்ளும். இரத்தக் குழாய்கள் இறுகி அழுத்தம் ஏறும்.

இதிலொரு விந்தையும் உண்டு. அந்நொதியை 1928இல் முதன்முதல் கண்டறிந்தவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய மேரி ஹேர் என்னும் பெண்மணி. அவர் அதற்கு இட்ட பெயரே 'டைரமின் ஆக்சிடேஸ்' என்பது. டைரமினைச் சிதைப்பதே அதன் பணி என்பது பெயரிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் அப்பெயரை நூலில் படித்தோர் இருந்தனர். அதை முடக்கும் மருந்தைத் தந்தோரும் இருந்தனர். இரண்டையும் இணைத்துப் பார்க்க வைத்ததோ வீட்டில் மனைவியின் உணவையும் நோயையும் உற்றுநோக்கிய ஒரு கணவரின் கடிதம்.

பாலாடைக்கட்டி ஐரோப்பியர் உணவு, நமக்கென்ன என்று கருதுவதற்கில்லை. 1965இல் பிளாக்வெல்லும் பிறரும் ஈஸ்ட் சாரமும் இதே தீங்கை விளைப்பதைக் காட்டினர். மார்மைட் என்னும் பெயரில் புட்டியில் வரும் அச்சாரம் நம்மவர்க்கு அயலானதன்று. 1928 முதல் பம்பாயில் ஆய்வு செய்த லூசி வில்ஸ் அம்மையார், கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்டிரின் சோகையை மார்மைட் தீர்ப்பதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். மலேசியாவில் இன்றும் கஞ்சியில் அதைக் கரைத்து நோயுற்றோர்க்குக் கொடுப்பவர் உளர். ஏழைத் தாயின் குருதியை ஊறச்செய்த அதே புட்டி, மற்றொரு மருந்தோடு சேர்ந்தால் குருதி அழுத்தத்தை எமனாக்கும். பொருளில் குற்றமில்லை, சேர்க்கையில்தான் குற்றம்.

புளிக்கவும் முதிரவும் வைத்த உணவுகளில் டைரமின் பெருகும் என்பது பொதுவிதி. அவ்விதியைக் கொண்டு பார்த்தால் மலேசியச் சமையலறையில் விழிப்போடு நோக்கவேண்டியவை பல: சோயா சாறு, தவுச்சு, பெலாச்சான், சிஞ்சாலோக், நாட்பட்ட கருவாடு. மூன்று இனத்தாரின் உணவும் ஒரே மேசையில் கலக்கும் நாட்டில் இப்பட்டியல் எவரையும் விட்டுவைக்காது.

இலங்கையில் நேர்ந்த நிகழ்ச்சியொன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. ஐப்ரோனியாசிட்டின் உறவான ஐசோனியாசிட் இன்றும் காசநோய்க்கு முதல்நிலை மருந்து. அதை உண்டுவந்தோருள் சிலர் சூரை மீன் உண்டவுடன் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து மருத்துவமனை வந்தனர். இதைக் கண்டறிந்து நெஞ்சுநோய் மருத்துவர் சி. ஜி. உரகொடவும் மருந்தியல் அறிஞர் எஸ். ஆர். கோட்டேகொடவும் 1977இல் எழுதினர். அங்கே குற்றவாளி டைரமின் அன்று, ஹிஸ்டமின். குளிரில் வைக்காத மீனில் அது பெருகும். அதைச் சிதைக்கும் நொதியை மருந்து தடுத்திருந்தது. மேலைநாட்டாருக்குப் பாலாடைக்கட்டி கற்பித்த பாடத்தைக் கீழைநாட்டாருக்கு மீன் கற்பித்தது.

மருந்தோடு மருந்து மோதியபோது

உணவோடு மட்டுமன்றி, மருந்தோடு மருந்தும் மோதும். 1984இல் நியூயார்க் நகர மருத்துவமனையொன்றில் லிபி சயன் என்னும் 18 வயது மாணவி காய்ச்சலுடன் சேர்க்கப்பட்டாள். அவள் பினெல்சின் உண்டுவந்தவள். நடுக்கத்தைத் தணிக்கப் பெத்திடின் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. சில மணி நேரத்தில் காய்ச்சல் கடுமையாய் ஏறி அவள் உயிர் நீத்தாள். அவ்விரு மருந்துகளின் சேர்க்கையால் செரட்டோனின் மிகுந்ததே காரணம் எனப் பின்னாளில் பலரும் கருதினர். நீண்ட வழக்குக்கும் விவாதத்துக்கும் பின், 1989இல் அம்மாநிலம் பயிற்சி மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியது.

இவ்வகை மருந்துகளுக்கு அஞ்சிய மருத்துவர்கள் வேறு வகைகளை நாடினர். 1957இல் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் குன் அறிவித்த இமிப்ரமினும், பின்வந்த அமிட்ரிப்டிலினும் உணவுக்கட்டுப்பாடு வேண்டாதவை. ஆனால் அவை வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், முதியவர்க்குச் சிறுநீரை அடைக்கும், எழுந்து நிற்கையில் தலை சுற்றும், அளவு மீறி உண்டால் இதயத் துடிப்பைக் கெடுத்துக் கொல்லும். 1987இன் இறுதியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃப்ளூவாக்செட்டினும் அதன் வகையினவும் இவற்றினும் தீங்கு குறைந்தவை, உலகெங்கும் பரவின. அவற்றுக்கும் விலையுண்டு. தொடக்கத்தில் குமட்டலும் உறக்கக் கேடும் தோன்றும். தாம்பத்திய உறவில் நாட்டம் குறையலாம். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரும். சிறுவரிடமும் இளைஞரிடமும் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என 2004இல் அமெரிக்க மருந்துத் துறை கடும் எச்சரிக்கை விடுத்தது. 2007இல் அது 24 வயது வரையினர்க்கும் நீட்டப்பட்டது. முதியவரிடம் அவ்வாறு இல்லை என்பதும், மருந்தின்றி விடப்பட்ட மனச்சோர்வே உயிர் குடிக்கும் என்பதும் அதனோடு சேர்த்து அறியவேண்டியவை.

மூன்று நாளும் மூடிய வாயும்

'மருந்தும் விருந்தும் மூன்று நாள்' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் அது பொருந்தலாம். மனச்சோர்வு மருந்துக்கோ அது பொருந்தவே பொருந்தாது. இம்மருந்துகளின் தீங்கு முதல் வாரத்திலேயே தலைகாட்டும்; நன்மை தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்களேனும் ஆகும். மூன்று நாளில் நிறுத்துபவன் துன்பத்தை மட்டும் பெற்று, பயனைப் பெறாமல் போகிறான். மருந்து தனக்கு ஒத்துவரவில்லை என்று அவன் சொல்லும் சொல் அக்கம்பக்கத்தாரையும் மருந்திலிருந்து விலக்குகிறது. முதல் நாளே இதை எடுத்துரைப்பது மருத்துவரின் கடமை. அவர் சொல்ல மறந்தால் கேட்டறிவது குடும்பத்தாரின் கடமை.

இதனினும் பெரிய தீங்கு மறைப்பு. தஞ்சோங் ரம்புத்தான் என்னும் சொல்லுக்கு அஞ்சிய சமுதாயத்தில் மனநோய் மருந்து பெட்டிக்கடியில் ஒளிந்து கிடக்கும். மகளின் திருமணம் தடைபடும் என்று தாய் மறைப்பாள். வேலை போய்விடும் என்று மகன் மறைப்பான். அண்டை வீட்டாரிடம் மறைப்பது அவரவர் உரிமை. மருத்துவரிடம் மறைப்பது உயிரோடு விளையாடுவதாகும். பல்வலிக்கும் சளிக்கும் வேறொரு மருத்துவரிடம் செல்லும்போது, ஏற்கெனவே உண்ணும் மாத்திரையைச் சொல்லாவிடில் அவர் தரும் வலி மருந்தோ இருமல் மருந்தோ அதனோடு மோதக்கூடும். நொதியை முடக்கும் வகையிலிருந்து வேறு வகைக்கு மாறுவதற்கே இரண்டு வாரம் இடைவெளி வேண்டும்; ஃப்ளூவாக்செட்டினிலிருந்து திரும்புவதற்கு ஐந்து வாரம் வேண்டும். மருத்துவர் இக்கணக்கைப் போடவேண்டுமெனில் உண்மை அவர் காதில் விழவேண்டும்.

சட்டங்கள் மாறியுள்ளன. 1952ஆம் ஆண்டின் மனநோய்ச் சட்டத்துக்கு மாற்றாக 2001இல் நிறைவேறிய மனநலச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய 309ஆம் பிரிவை நீக்க 2023இல் மலேசிய நாடாளுமன்றம் இசைந்தது. நிலமும் மாறியுள்ளது. நீலாயில் பால்மரங்கள் நின்ற மண்ணில் இன்று புதுநகரும் தொழிற்சாலைகளும் பல்கலைக்கழகங்களும் நிற்கின்றன. அருகே சிப்பாங்கில் 1998இல் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. லயத்து வீடுகளை விட்டு அடுக்குமாடிகளுக்குச் சென்றோர்க்கு மருந்து கிடைக்கும் வாயில்கள் பெருகிவிட்டன. அன்று ஒரே டிரசர், ஒரே அலமாரி. யார் எதை உண்கிறார் என்பது அவருக்குத் தெரியும். இன்று அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவகம், மருந்தகம், நாட்டு மருந்துக் கடை என நான்கு இடங்களில் நால்வர் தருகின்றனர்; ஒருவர் தருவதை மற்றவர் அறியார். எல்லாவற்றையும் அறிந்தவர் நோயாளி ஒருவரே.

காசநோய் ஒழிந்துவிட்டது என்றும் எண்ணவேண்டா. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துகளுள் ஒன்று லினெசோலிட். அதுவும் மோனோ அமைன் ஆக்சிடேசை ஓரளவு தடுக்கும் இயல்புடையது. மனச்சோர்வு மாத்திரை உண்பவர்க்கு அதைக் கொடுக்குமுன் மருத்துவர் எண்ணிப் பார்க்கவேண்டும். புளித்த, முதிர்ந்த உணவுகளைப் பற்றிய எச்சரிக்கையும் அதற்கு உண்டு. ஸ்டேட்டன் தீவின் விடுதியில் 1952இல் தொடங்கிய கதை மீண்டும் நுரையீரலுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

திருவள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்து, அதன் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாக்கிக் காட்டினார்: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து மருந்தூட்டுபவன். இந்த நான்காமவரின் தகுதி எத்தகையது என்பதற்கு நாட்டிங்காம் மருந்தாளரின் கடிதம் சான்று. நூல்களில் இல்லாத உண்மை அவர் வீட்டு உணவு மேசையில் இருந்தது. என்ன உண்டார், எப்போது வலித்தது, எந்த மாத்திரையை எந்நாள் விட்டார் என்று குறித்துவைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் அச்சீட்டையும் மாத்திரை உறைகளையும் கொண்டுசெல்லும் மனைவியும் மகனும் நீலாயின் ஒவ்வோர் அடுக்குமாடியிலும் வேண்டும். பெட்டிக்கடியில் இருக்கும் மருந்து மேசைமேல் வந்தால்தான் அது இயலும்.